கோயில் வாசலும் கொழுந்து மலையும்

1986 தைப்பொங்கலன்று இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு பிரார்த்தனை தொடங்கியது. நாடற்றவர்களுக்குக் குடியுரிமையும் நாட்டுக்கு அமைதியும் வேண்டிக் காலை முழுவதும் கோயிலில் இருப்பது, நண்பகலுக்குப் பிறகே மலைக்கு வேலைக்குப் போவது, மூன்று மாதம் இப்படியே நடத்துவது என்பது திட்டம். அழைத்தவர் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான். அப்போது அவர் ஜே. ஆர். ஜயவர்தனவின் அரசிலேயே அமைச்சர். அமைச்சராக இருந்துகொண்டு வேலைநிறுத்தத்துக்கு அழைப்பது சங்கடம். சாமி கும்பிடச் சொல்வதை யார் தடுப்பது? காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தி வந்தவருக்குத் தோட்டத் துரை அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடலாம். மாரியம்மன் முன்னால் கைகூப்பி நிற்பவரை என்ன சொல்லி அதட்டுவார்? சில நாள்களிலேயே அரசு இறங்கி வந்தது. அவ்வாண்டு நிறைவேறிய சட்டம், இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் எஞ்சியிருந்த 94,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை பெற வழி திறந்தது.

அறம் வென்றது என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். 1952 அதற்கு இடம் தரவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. அடுத்த ஆண்டு வாக்கும் போயிற்று. அதை எதிர்த்து 1952இல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் தலைவர்கள் கொழும்பில் நூறு நாளுக்கும் மேல் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். காந்தி வகுத்த நெறிக்கு 1986ஐவிட அதுவே நெருக்கமானது. ஆட்சி அசையவில்லை. வாக்கில்லாதவர் பட்டினி கிடந்தால் ஆள்வோருக்கு என்ன நட்டம்? 1986இல் நிலைமை வேறு. 1984 வேலைநிறுத்தம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமச் சம்பளம் வாங்கித் தந்திருந்தது. தோட்டம் நின்றால் என்ன ஆகும் என்பதை அரசு கண்டிருந்தது. வடக்கில் போர் மூண்டிருக்கையில் மலையகமும் கொதிப்பதை அது விரும்பவில்லை. எதை, எந்த முகத்தோடு கேட்பது என்பதை வழிபாடு தீர்மானித்தது. கேட்டது கிடைத்ததற்குக் காரணம், பறிக்காமல் முற்றிப் போகும் கொழுந்து.

பக்தியைவிட ஆழமாக நம் அரசியலில் வேரோடியது நன்றி. தோட்டத்துக்கு ஆள் திரட்டி வந்த கங்காணி கடன் கொடுப்பார், கல்யாணம் நடத்திவைப்பார். ஆனால் அவர் கையிலுள்ள துண்டு என்ற விடுவிப்புச் சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல் துண்டு முறை ஒழிந்தது. தின்ற உப்புக்கு விசுவாசம் ஒழியவில்லை. அது தொழிற்சங்கத்துக்கு இடம் மாறியது. தொண்டமானின் தந்தையே கங்காணியாக இருந்து இறம்பொடைப் பக்கம் வேவண்டன் தோட்டத்துக்கு உரிமையாளர் ஆனவர். 1999இல் தொண்டமான் மறைந்தபின் பேரன் ஆறுமுகன், 2020இல் அவரும் மறைந்தபின் அவர் மகன் ஜீவன் என்று தலைமை ஒரே வீட்டில் இறங்கி வந்தது. குடியுரிமை வாங்கித் தந்த ஐயாவின் வீட்டுக்கு வாக்கு என்பது தொழிலாளர் குடியிருக்கும் பல லயங்களில் கேள்வியே இல்லாத கடமையாக இருந்தது. இதற்கிடையே 2015இல் எழுந்த ஆயிரம் ரூபாய் நாட்சம்பளக் கோரிக்கை, சம்பளச் சபை வழியாக 2021இல்தான் கைக்கு வந்தது. சங்கச் சந்தா மட்டும் மாதம் தவறாமல் சம்பளத்தில் பிடிபட்டது.

வள்ளுவர் செய்ந்நன்றியறிதலை இல்லறவியலில் வைத்தார். ஆள்வோருக்குச் சொல்ல வந்த பொருட்பாலில் செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் இருக்கின்றன. நம் மேடைகளில் செய்ந்நன்றியறிதல் காதில் விழுந்த அளவுக்கு மற்ற இரண்டும் விழுந்ததாகத் தெரியவில்லை. அவை தலைவர்களைக் கணக்குக் கேட்பவை அல்லவா!

2024 நவம்பர் பொதுத் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தின் 8 இடங்களில் 5ஐத் தேசிய மக்கள் சக்தி பெற்றது. பழைய சங்கங்கள் எவற்றுக்கும் கடன்படாத கட்சி அது. ஜீவன் தம் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டார். இதை நன்றி மறந்ததாகப் பார்ப்பவர்கள் உண்டு. என் கணக்கில், தோட்ட மக்கள் பழைய நன்றிக்கு உரிய பங்கைக் கொடுத்துவிட்டு, மீதியை லயத்தையும் காணியையும் சம்பளத்தையும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஐந்தாண்டு கழித்துப் புதியவர்களையும் அதே கணக்கில்தான் நிறுத்துவார்கள்.