வாசலில் நின்ற பாட்டு

மரக்காணம் போயிருக்கிறீர்களா? நின்று பார்த்திருக்க மாட்டீர்கள், கடந்து போயிருப்பீர்கள். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரிக்குப் பறக்கிற அவசரத்தில், கார் ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள் தெரியுமே... அந்த உப்பளம்தான். சிறுபாணாற்றுப்படையில் வருகிற எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். அடுத்தவர் வாசலில் நின்று பாடிப் பிழைத்த பாணர்கள் நடந்துபோன கரை.

அங்கே ஒரு டீக்கடை பெஞ்ச்சில்தான் இந்த வாரக் கட்டுரை ஆரம்பித்தது. விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கி உப்பு வாரிவிட்டு வந்த பெரியவர் ஒருவர், செல்போனில் பழைய பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார். தண்டபாணி தேசிகர். நந்தனார் பாட்டு.

"என்னதான் சொல்லுங்க, அந்த அம்மா கே.பி.எஸ். பாடினதுதான் உசத்தி. அந்தக் குரலுக்கு முன்னாடி யாரு நிக்க முடியும்?" என்றார் கடைக்காரர்.

பெரியவர் நிமிரவே இல்லை. "உசத்தி தாழ்த்தி எல்லாம் எனக்குத் தெரியாது. இவரு பாடினா ஒரு ஆளு லீவு கேட்டுக்கிட்டு நிக்கிற மாதிரியே இருக்கு."

சிரித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஒருவர் எழுதிப் பாடிய பாட்டை இன்னொருவர் பாடினால், இப்போது அதற்கு 'கவர் சாங்' என்று பெயர். பாட்டு வந்ததும் வராததுமாக ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். 'ஒரிஜினலைக் கெடுத்துட்டாங்க' என்று ஒரு கூட்டம். 'ஒரிஜினலைவிட இதுதான் டாப்' என்று இன்னொரு கூட்டம். இதெல்லாம் நம் காலத்து வியாதி என்று நினைத்தால் தப்பு. நந்தனார் பாட்டுகள் மேல் இந்தப் பஞ்சாயத்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக நடக்கிறது.

பாட்டுக்குச் சொந்தக்காரர் கோபாலகிருஷ்ண பாரதி. 19-ம் நூற்றாண்டு, மாயவரம் பக்கம். கல்யாணம் செய்துகொள்ளாதவர். தானே எழுதி, தானே ராகம் போட்டு, தானே கதாகாலட்சேபமாகப் பாடியவர். சரி, கதையாவது அவர் சொந்தக் கதையா? அதுவும் இல்லை! 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடிவைத்த திருநாளைப்போவார் கதை. 'நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன்' என்று சிதம்பரத்தை நினைத்து ஏங்கிய நந்தனின் கதை.

இங்கே கொஞ்சம் கவனியுங்கள். சேக்கிழாரின் நந்தன் தயங்குவது, தன் பிறப்பை நினைத்துத்தான். அவனைத் தடுக்கிற முதலாளி அந்தக் கதையிலேயே கிடையாது. லீவு தர மறுக்கிற பண்ணையார் வேதியரைக் கொண்டுவந்து உட்காரவைத்தவர் கோபாலகிருஷ்ண பாரதி. 'முதலில் 40 வேலி நிலத்தையும் விளைவித்துக் காட்டு, பிறகு போ' என்று வேதியர் சொல்வதும், ஒரே ராத்திரியில் பயிர் விளைந்து நிற்பதும், கடைசியில் அந்த வேதியரே நந்தன் காலில் விழுவதும் பாரதியின் கைவண்ணம். பழைய பாட்டை வாங்கி, அதில் ஒரு கூலியாளின் கெஞ்சலைச் சேர்த்துப் பாடினார் அவர்.

முதல் விமர்சனமே பலமாக விழுந்தது. மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சிறப்புப் பாயிரம் கேட்டார் பாரதி. பாட்டில் இலக்கணப் பிழைகள் இருக்கின்றனவே என்று பிள்ளைக்கு மனம் வரவில்லை. நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டே போனார். ஒரு நாள் பிள்ளை உள்ளே ஓய்வெடுத்துக்கொண்டிருக்க, காத்திருந்த பாரதி திண்ணையில் உட்கார்ந்து தனக்குத் தானே நந்தன் பாட்டுகளைப் பாட ஆரம்பித்தார். கேட்கக் கேட்க வித்வான் உருகிப்போனார். பாயிரம் கிடைத்தது. பிள்ளையின் மாணவர் உ.வே.சாமிநாதையர் வழியாக நமக்கு வந்த செய்தி இது. கோயிலுக்கு வெளியே நின்ற நந்தனைப் பாடியவர், தானும் ஒரு வாசலில் காத்திருந்துதான் உள்ளே போக முடிந்தது.

அடுத்து சினிமா. 1935-ல் 'பக்த நந்தனார்'. நந்தனாராக நடித்தது கே.பி.சுந்தராம்பாள். 1933-ல் கிட்டப்பா இறந்த பிறகு வெள்ளைச் சேலை கட்டி ஒதுங்கியிருந்தவரை அழைத்து வர, ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் பேசினார்கள். 1935-ல் ஒரு லட்சம்! பி.காம். படித்தவனுக்கு இந்த இடத்தில் பேனா தானாக நின்றுவிடும். வேதியர் வேஷத்தில் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். இரண்டு பெரிய சாரீரங்கள். அப்புறம் என்ன குறை? ஆனந்த விகடனில் கல்கி எழுதினார். படத்தில் நன்றாக நடித்தவை பனைமரம், எருமை, ஆடு ஆகியவைதான் என்று! படம் எடுபடவில்லை.

1942-ல் மறுபடியும் 'நந்தனார்'. இம்முறை தண்டபாணி தேசிகர். தயாரித்தது யார் தெரியுமா? ஜெமினி எஸ்.எஸ்.வாசன். முதல் படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டிய அதே விகடனின் முதலாளி! இந்தப் படம் ஓடியது. தேசிகர் வீட்டுக்கு வீடு நந்தனார் ஆகிவிட்டார்.

குரல் மட்டுமா மாறியிருந்தது? இரண்டு படங்களுக்கும் நடுவே ஒரு தேதி இருக்கிறது. 1939 ஜூலை 8. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் தலைமையில் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைந்த நாள். 'உள்ளே வரலாமா' என்ற கேள்வி 1935-ல் பாட்டில் கேட்டது. 1942-ல் பாட்டு அதேதான், ஆனால் கேள்வி தெருவுக்கே வந்துவிட்டிருந்தது.

யோசித்துப் பாருங்கள். மகாவித்வான் இலக்கணத்தைப் பார்த்தார். கல்கி நடிப்பைப் பார்த்தார். நாம் 'யார் குரல் உசத்தி' என்று பட்டிமன்றம் நடத்துகிறோம். உப்பளத்துப் பெரியவரோ, சேக்கிழாரிடம் இல்லாத, கோபாலகிருஷ்ண பாரதி புதிதாகச் சேர்த்த அந்த ஒரே ஒரு விஷயத்தை நேராகப் பிடித்துவிட்டார். ஒரு ஆள் லீவு கேட்டு நிற்பது! பெரியபுராணமும் படிக்கவில்லை, விமர்சனமும் படிக்கவில்லை. மழை வந்தால் வேலை போகும், வெயில் வந்தால் உடம்பு போகும் என்கிற பிழைப்பில் நின்று கேட்ட காது அது. ஒரு பாட்டை யார் பாடினார் என்பது பாதி. யார் கேட்டார் என்பது மீதி.

கிளம்புவதற்கு முன்னால் சும்மா இருக்க முடியாமல், என் போனில் கே.பி.எஸ். பாடிய நந்தனார் பாட்டு ஒன்றைத் தேடிப் போட்டேன். பெரியவர் முழுசாகக் கேட்டார். டீ ஆறிப்போனது.

"எப்படி இருக்கு பெரியவரே?"

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இந்த அம்மா லீவு கேக்கலியே, உத்தரவுல்ல போடுது! இப்படிக் கேட்டா எங்க மேஸ்திரி மறுபேச்சில்லாம குடுத்துடுவாரு."

கடைக்காரர் சிரித்தார். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மறுபடியும் பாத்தியைப் பார்த்து நடந்தார்.