‘ஃப்ரிபிள்’ என்று யாரையாவது திட்டியிருக்கீங்களா?

எந்நேரமும் அலங்காரம், அரட்டை. உருப்படியா ஒரு வேலை கிடையாது. இப்படிப்பட்டவரை நாம ‘வெட்டிப் பேர்வழி’ என்போம். இதற்குப் பழைய ஆங்கிலத்தில் இருந்த சொல், ‘ஃப்ரிபிள்’.

ஆளையும் இது குறிக்கும், செயலையும் குறிக்கும். விளையாட்டுத்தனமாகத் திரிகிறவர் ஒரு ஃப்ரிபிள். ஒரு மதியம் முழுக்க சில்லறை விஷயங்களிலேயே கரைந்துபோனால், அதை நீங்க ‘ஃப்ரிபிள்’ செய்துட்டீங்கன்னு அர்த்தம். 17-ம் நூற்றாண்டிலிருந்தே புழங்கும் சொல் இது. 1755-ல் வெளியான சாமுவேல் ஜான்சனின் அகராதியிலும் இருக்கு. இன்னைக்கு அமெரிக்காவில் ‘ஃப்ரெண்ட்லீஸ்’ உணவகத்துக்குப் போய் ஃப்ரிபிள் கேட்டா, மில்க் ஷேக் கொண்டுவந்து வைப்பாங்க. அது வேற கதை!

இந்தச் சொல்லை லண்டன் மேடையில் பிரபலமாக்கியவர், அந்தக் காலத்தின் சூப்பர் ஸ்டார் நடிகர் டேவிட் கேரிக். 1747-ல் ‘மிஸ் இன் ஹெர் டீன்ஸ்’ என்ற நகைச்சுவை நாடகத்தை எழுதி, அதில் மிஸ்டர் ஃப்ரிபிளாக அவரே நடித்தார். மினுக்கிக்கொண்டு, பெண்மைச் சாயலோடு குழையும் பாத்திரம். இன்றைய கண்ணுக்கு அந்தக் கேலி கொஞ்சம் நெருடத்தான் செய்யும். அரங்கமோ சிரித்துத் தீர்த்தது.

இந்த ஃப்ரிபிளே பின்னாளில் கேரிக்குக்குத் தலைவலியானது. தாடியஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் என்பவர் கேரிக்கின் நடிப்பையும் வசன உச்சரிப்பையும் கிழித்து எழுதிவந்தார். கடுப்பான கேரிக், 1761-ல் ‘ஃப்ரிபிளரியட்’ என்ற கிண்டல் கவிதையை வெளியிட்டார். ‘நீயெல்லாம் ஒரு ஃப்ரிபிள்’ என்பதுதான் அதன் சாரம். ஊரே சிரித்தது. ஃபிட்ஸ்பேட்ரிக் சிரிக்கலை.

அன்றைய லண்டன் தியேட்டர்களில் மூன்றாவது அங்கம் முடிந்த பிறகு வருபவர்களுக்குப் பாதிக் கட்டணம்தான். வேலை முடித்து வருகிற எளிய மக்களுக்கு அது பெரிய வசதி. கேரிக் நடத்திய ட்ரூரி லேன் தியேட்டர் அந்தச் சலுகையில் கை வைத்தது. ஃபிட்ஸ்பேட்ரிக்குக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா?

1763 ஜனவரி 25. ட்ரூரி லேனில் அவர் தலைமையில் கலவரம் வெடித்தது. பெஞ்சுகள் உடைந்தன, சரவிளக்குகள் நொறுங்கின. நாடகம் நடக்கவே இல்லை. மறுநாளும் கூட்டம் விடுவதாக இல்லை. பாதிக் கட்டணத்துக்குச் சம்மதித்துப் பணிந்தார் கேரிக்.

சில வாரங்களில் கோவென்ட் கார்டன் தியேட்டருக்கும் இதே கதி. அங்கேயும் முன்னால் நின்றவர் ஃபிட்ஸ்பேட்ரிக்தான். அந்த வருடம் செப்டம்பரில் கேரிக் இங்கிலாந்தை விட்டு ஐரோப்பியப் பயணம் கிளம்பினார். திரும்பி வர 1765 ஆனது.