பைக்காரா முதல் கூடங்குளம் வரை

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. நீலகிரியில் விழுந்த நீர் கோவையில் நூலாயிற்று என்றால் மிகையில்லை. மலிவான மின்சாரத்தை நம்பி நூற்பாலைகள் வரிசையாக எழுந்தன. கவலை ஏற்றம் இறைத்த கொங்கு உழவர்கள் மெல்ல மெல்ல மின் மோட்டாருக்கு மாறினர். அதைப் 'பசுமை ஆற்றல்' என்று அன்று எவரும் அழைக்கவில்லை. அது வெறும் கரண்ட்.

பெயர் சூட்டல் பின்னாளைய அரசாங்கக் கணக்கு. 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்களை இந்திய அரசு புதுப்பிக்கத்தக்கவை என ஏற்றது 2019 மார்ச்சில்தான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பல்லடம், உடுமலைப் பக்கம் சுழலும் காற்றாலைகள் பட்டியலுக்கு உள்ளே இருக்க, மழைநீரில் ஓடும் குந்தா அதுவரை வெளியே நின்றது. (மழைக்கு இது தெரியாது.)

அணு மின்சாரத்தை எந்தப் பட்டியலில் வைப்பது என்ற கேள்விக்கும் குந்தாவுக்கும் ஓர் உறவுண்டு. குந்தாத் திட்டம் கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா அளித்த உதவியால் எழுந்தது. அதே வழியில் வந்த இன்னொரு கொடை, 1960இல் டிராம்பேயில் இயங்கத் தொடங்கிய சைரஸ் அணு உலை. அதில் விளைந்த புளூட்டோனியமே 1974இல் பொக்ரானில் வெடித்தது. கனடா அணு ஒத்துழைப்பை முறித்துக்கொண்டது. கனடிய வடிவமைப்பின் வழிவந்த கல்பாக்கத்து உலைகளை நம் பொறியாளர்களே கட்டி முடித்தனர். 1984இல் முதல் உலை வணிக உற்பத்தியைத் தொடங்கிற்று. இரு கொடைகளில் ஒன்றின்மீது மட்டும் குண்டின் நிழல் படிந்திருப்பதைப் 'பசுமை' என்னும் சொல் மறைத்துவிடுகிறது.

புகையை மட்டும் அளந்தால் அச்சொல் பொருந்தும். ஐ.பி.சி.சி.யின் 2014ஆம் ஆண்டு அறிக்கைப்படி, தொடக்கம் முதல் இறுதிவரை கணக்கிட்டால், ஒரு யூனிட்டுக்கான கரியுமிழ்வு நிலக்கரிக்கு 820 கிராம், அணுவுக்கு 12, நிலத்துக் காற்றாலைக்கு 11. ஆனால் புதுப்பிக்கத்தக்கது என்பதை நம்மால் ஏற்க இயலவில்லை. ஜாதுகுடாவில் தோண்டிய யுரேனியம் பிளந்தபின் மீளாது. ஈனுலைகள் எரிபொருளை நெடுங்காலம் நீட்டிக்கும் என்பர். நீட்டித்தல் வேறு, புதுப்பித்தல் வேறு. கழிவோ ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காவல் கேட்பது.

2012இல் கோவையில் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு. விசைத்தறிகள் நின்றன, கூடங்குளத்தை விரைந்து திறக்க வேண்டும் என்ற குரல் இங்கே ஓங்கிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் இடிந்தகரைக் கடற்கரையில் திரண்ட மீனவர்கள்மீது கண்ணீர்ப்புகைக் குண்டுகள் விழுந்தன. நமக்குத் தறி ஓட வேண்டியிருந்தது. அவர்களுக்குக் கடல் வேண்டியிருந்தது. 2013 அக்டோபரில் கூடங்குளத்து முதல் உலை மின்தொகுப்பில் இணைந்தது. ஆடிக் காற்று அடங்கிய மாதங்களில் நம் தறிகளை ஓட்டுவதில் அதற்கும் பங்குண்டு.