துடைப்பக் கம்பில் ஏறிய கறுப்புத் துணி

செய்தித்தாளில் ‘அராஜகம்’ என்று படித்ததும் உடைந்த பேருந்துக் கண்ணாடியும் அடிதடியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அந்தச் சொல்லின் நேர்ப் பொருள், அரசன் இல்லாத நிலை என்பது மட்டுமே. அரசே வேண்டாம் என்ற கொள்கைக்காரர்கள் ஏந்திய கறுப்புக் கொடி பசியில் பிறந்தது.

பிரான்சில் லியோன் நகரின் குருவா ரூஸ் மேட்டில் பட்டு நெசவாளர்கள் குடியிருந்தார்கள். ஜக்கார்டு தறி நிற்க வேண்டும் என்பதற்காகவே அங்கே வீடுகளை உயரமாகக் கட்டினார்கள். உயரமெல்லாம் தறிக்குத்தான், நெய்கிறவரின் குடும்பம் பரணில் படுத்துக்கொள்ளும். 1831 அக்டோபரில் குறைந்தபட்சக் கூலி பேசி முடிவானது. வியாபாரிகள் பலர் அதைக் கொடுக்க மறுத்தார்கள். நவம்பர் 21 அன்று நெசவாளர்கள் மேட்டிலிருந்து இறங்கினார்கள். உழைத்து வாழ்வோம், இல்லையேல் போராடிச் சாவோம் என்று அவர்களுடைய கறுப்புக் கொடி சொன்னது. சில நாள்கள் நகரம் அவர்கள் கையில் இருந்தது; ஊருக்கு அவர்களே காவல் நின்றார்கள். டிசம்பரில் பட்டாளம் வந்தது, கூலி ஒப்பந்தம் ரத்தானது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் புருதோன் தன்னை அராஜகவாதி என்று எழுதியதே 1840இல்தான். பெயர் வருவதற்கு முன்பே கொடி வந்துவிட்டது.

அந்தக் கொடிக்கு அராஜகம் என்ற பெயரோடு உறவு உண்டாக்கியவர் லூயிஸ் மிஷேல். பள்ளி ஆசிரியை. 1871இல் பாரிஸ் கம்யூன் என்ற மக்கள் எழுச்சியில் துப்பாக்கி ஏந்தி நின்று, பசிபிக் தீவான நியூ கலிடோனியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர். அங்கேயும் பூர்வகுடிகளான கனாக் மக்களின் மொழியைக் கற்று, அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். மன்னிப்பு கிடைத்து 1880இல் பாரிஸ் திரும்பினார். 1883 மார்ச் 9 அன்று வேலையில்லாதவர்கள் ஊர்வலம் போனபோது, ஒரு துடைப்பக் கம்பில் கறுப்புத் துணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். வழியில் சிலர் கடைகளில் புகுந்து ரொட்டியை எடுத்தார்கள். கொள்ளையைத் தூண்டினார் என்று அவருக்கு 6 ஆண்டுச் சிறை. இது வேலைநிறுத்தத்தின் கொடி, பட்டினி கிடப்பவர்களின் கொடி என்று நீதிமன்றத்தில் அவர் விளக்கினார். எடுக்கப்பட்டது ரொட்டி, தண்டனை 6 ஆண்டு. இதில் எது கொள்ளை என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

மறு ஆண்டு நவம்பரில் சிகாகோவில், நன்றி தெரிவிக்கும் திருநாள் அன்று, ஏழைத் தொழிலாளர்கள் அதே கொடியோடு பணக்காரர் தெருக்களில் நடந்தார்கள். அவர்களை வழிநடத்திய ஆல்பர்ட் பார்சன்ஸ், 8 மணி நேர வேலைப் போராட்டத்தையொட்டி எழுந்த ஹேமார்க்கெட் வழக்கில் 1887இல் தூக்கிலிடப்பட்டார்.

பிறகு ரஷ்யா. மனிதனும் விலங்கும் பிழைத்திருப்பது ஒருவருக்கொருவர் துணை நிற்பதாலும்தான் என்று எழுதிய அராஜகவாதி குரோபோட்கின், 1921 பிப்ரவரி 8 அன்று இறந்தார். அப்போது அராஜகவாதிகள் பலர் போல்ஷெவிக் புரட்சி அரசின் சிறையிலேயே இருந்தார்கள். மாஸ்கோவில் நடந்த இறுதி ஊர்வலத்துக்காகச் சிலரை ஒரு நாள் மட்டும் வெளியே விட்டார்கள்; திரும்பி வருவோம் என்ற வாக்குத்தான் பிணை. பனியில் கறுப்புக் கொடிகளோடு ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். சிறையிலிருந்து வந்திருந்த ஆரோன் பாரோன் கல்லறையில் நின்று அரசை எதிர்த்துப் பேசினார். கூட்டம் கலைந்தது. எந்த அரசுக்கும் தலைவணங்க மாட்டோம் என்றவர்கள், கொடுத்த வாக்கைக் காப்பாற்றச் சிறைக்குத் திரும்பினார்கள்.

1936இல், ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது, பார்சிலோனாத் தெருக்களில் அந்தக் கறுப்பு, சிவப்போடு சேர்ந்து பறந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், சைபீரியாவின் தோபோல்ஸ்க் நகரில் அதே புரட்சி அரசு ஆரோன் பாரோனைச் சுட்டுக் கொன்றது.