மறைசாட்சி: ஒரு சொல்லும் ஒரு தாயும்

கிரேக்கத்தில் ‘மார்த்துஸ்’ என்றால் சாட்சி. கண்டதை மன்றத்தில் நின்று சொல்பவர். சாவுக்கும் அச்சொல்லுக்கும் தொடக்கத்தில் உறவில்லை. நம்பிக்கையை வாய்விட்டுச் சொன்னதற்காகவே கிறித்தவர்கள் கொல்லப்பட்ட 2ஆம் நூற்றாண்டில், உயிர் கொடுத்துச் சாட்சி சொன்னவருக்கே அது உரியதாயிற்று. இலத்தீனில் சாட்சிக்குத் ‘தெஸ்திஸ்’ என்ற சொல் இருந்தும், இலத்தீன் பேசிய கிறித்தவர்கள் ‘மார்த்திர்’ என்றே கடன் வாங்கினார்கள்.

அச்சொல்லின் முழுப்பொருளையும் கார்த்தேஜ் நகரத்துப் பெர்பெத்துவாவிடம் காணலாம். வயது 22, கையில் பால்குடிக் குழந்தை. சிறையில் தானே எழுதிய குறிப்புகள் இன்றும் உள்ளன. நம்பிக்கையை விடச் சொன்ன தந்தையிடம் அங்கிருந்த குவளையைக் காட்டி, இதை வேறு பெயரால் அழைக்க முடியுமா என்று கேட்டாள். அதுபோல, தான் கிறித்தவள் என்பதையன்றி வேறொன்றாகத் தன்னைச் சொல்ல முடியாது என்றாள். குழந்தையைத் தன்னிடம் விட்டதும் சிறையே அரண்மனையானதாக எழுதினாள். ஆளுநர் பொறுப்பிலிருந்த இலாரியானுஸ், பேரரசர் நலனுக்காகப் பலியிடச் சொன்னான். பேரப்பிள்ளையை ஏந்திக்கொண்டு தந்தை மன்றாடினார். அவள் சொல் மாறவில்லை.

உடன் சிறைப்பட்ட அடிமைப்பெண் பெலிசித்தா நிறைமாதத்துக்கு முன்பே, 8ஆம் மாதத்தில், சிறையில் பெண் குழந்தை பெற்றாள். 203 மார்ச் 7 அன்று இருவரும் தோழர்களோடு அரங்கில் கொல்லப்பட்டார்கள். பின்னாளில் அவர்கள் திருநாளில் புனித அகுஸ்தீன் மறையுரை ஆற்றினார். உரோமைத் திருப்பலியின் முதல் நற்கருணை மன்றாட்டில் இரு பெயர்களும் உள்ளன. 1907இல் கார்த்தேஜ் அகழாய்வில் அவர்கள் பெயர் பொறித்த கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்தன.

தமிழில் சாட்சிக்குப் பழஞ்சொல் ‘கரி’. திருக்குறளில் அது வருகிறது. ‘சாட்சி’ வடமொழி வழி வந்தது. கண்ணைக் குறிக்கும் வடசொல் அதனுள் இருக்கிறது. தமிழ்க் கிறித்தவர்கள் ‘மார்த்திர்’ என்பதை வேதசாட்சி, இரத்தசாட்சி, மறைசாட்சி என்றெல்லாம் வழங்கினார்கள். 1752இல் கொல்லப்பட்டு 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளையும் இப்பெயரால் போற்றப்படுகிறார். முன்னொட்டு மாறினாலும் சாட்சி மாறவில்லை.

‘மார்த்திர்’ என்பதைத் ‘தியாகி’ என்று சொன்னால் இழந்தது மட்டுமே தெரியும். பெர்பெத்துவா எதைச் சொன்னாள், எதை எழுதினாள் என்பது ‘சாட்சி’யில்தான் நிற்கிறது. மூலச்சொல்லின் உயிரைக் காக்கும் மறைசாட்சி என்ற பெயரே அவளுக்குப் பொருத்தம்.