சிகையும் 'இயற்கை' என்ற சொல்லும்

நம் மரபில் கூந்தல் பற்றிய பிரசித்தமான சண்டை ஒரு விமர்சனச் சண்டைதான். பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்பதில் நக்கீரர் சிவனோடு மோதியதாகத் திருவிளையாடல் கதை. அதில் 'இயற்கை' என்றால் என்னவென்று இருவருமே நின்று யோசிக்கவில்லை. கூந்தலுக்கு உரியவளை யாரும் கேட்கவுமில்லை. விடுபட்ட இந்த இரண்டு கேள்விகளையும் அமெரிக்கக் கறுப்புப் பெண்களின் தலைமுடிச் சரித்திரம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வந்திருக்கிறது. முடி விஷயம் இலக்கியப் பத்திரிகைக்கு எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1786இல் லூயிஸியானாவின் ஸ்பானியக் கவர்னர் எஸ்தெபான் மிரோ, நியூ ஆர்லியன்ஸின் கறுப்பு வம்சாவளிப் பெண்கள் தலைமுடியைத் துணியால் கட்டி மறைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். அடிமையல்லாத பெண்களின் அலங்காரம் அந்தஸ்துக் கோடுகளைக் கலைத்துக்கொண்டிருந்ததுதான் உறுத்தல். பெண்கள் கீழ்ப்படிந்தார்கள். ஆனால் அந்தத் துணியையே வண்ணத்தாலும் முடிச்சாலும் இன்னொரு அலங்காரமாக்கி, ஆணையின் நோக்கத்தை ஒன்றுமில்லாமல் செய்துவிட்டார்கள்.

அடிமைமுறை ஒழிந்த பின் ஆணை தேவைப்படவில்லை, கண்ணாடியே போதுமானதாக இருந்தது. 'நல்ல முடி', 'கெட்ட முடி' என்ற பாகுபாடு கறுப்பர் வீடுகளுக்குள்ளேயே புழங்கியது. 1867இல் முன்னாள் அடிமைகளின் மகளாகப் பிறந்து, துணி வெளுத்துப் பிழைத்த ஸாரா ப்ரீட்லவ், 1906 முதல் மேடம் ஸி. ஜே. வாக்கர் என்ற பெயரில் தலைமுடித் தைலம் விற்றுப் பெரும் செல்வந்தரானார். சூட்டுச் சீப்பைக் கண்டுபிடித்தவர் அவர் என்பது தவறு. தம் முறையில் அதைச் சேர்த்துக்கொண்டவர், அவ்வளவுதான். வெள்ளை அழகின் தரகர் என்று அவரை ஒதுக்குவது சுலபம். ஆனால் வெள்ளையர் வீட்டுச் சமையலறைக்கும் சலவைத் தொட்டிக்கும் வெளியே ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வருமானம் காட்டியவர் அவர். 1919இல் இறப்பதற்குச் சற்று முன் கும்பல் கொலைகளுக்கு எதிரான நிதிக்கு 5,000 டாலர் அறிவித்தவரும் அவர்தான். சரித்திரம் நம் வசதிக்காகத் தன்னை நேராக்கிக்கொள்வதில்லை.

சூட்டுச் சீப்பின் வேலை தலையில் ஈரம் பட்டதும் போய்விடும். காரம் அப்படியல்ல. சோடியம் ஹைட்ராக்ஸைடு முடிப் புரதத்தின் கந்தகப் பிணைப்புகளை உடைக்கிறது. உடைந்தது பழையபடி திரும்பாது. காரமும் முட்டையும் உருளைக்கிழங்கும் கலந்த களிம்பைத் தலையில் தேய்த்து இளம் வயதில் தாங்கிய எரிச்சலை, சுய இழிவின் ஆரம்பமாக மால்கம் எக்ஸ் தம் சுயசரிதையில் எழுதினார். அது 1965இல் வெளிவருமுன்பே அவர் கொல்லப்பட்டுவிட்டார். 1954இல் ஜார்ஜ் ஜான்ஸன் சிகாகோவில் ஆரம்பித்த கம்பெனி, முடி நேராக்குவதை டப்பாவில் அடைத்த சரக்காக்கியது. முதலில் ஆண்களுக்கு, பிறகு பெண்களுக்கு.

எதிர்ப்பும் வந்தது. 1962 ஜனவரியில் க்வாமே ப்ராத்வெய்ட்டும் நண்பர்களும் ஹார்லெமில் நடத்திய காட்சியில் நேராக்காத முடியோடு பெண்கள் மேடையேறினார்கள். 1970இல் எஃப்.பி.ஐ. ஒட்டிய சுவரொட்டி ஆஞ்சலா டேவிஸின் ஆஃப்ரோவை எங்கும் கொண்டுபோயிற்று. 1972இல் அவர் குற்றமற்றவரென விடுதலையானார். ஒரு விடுதலை அரசியல் ஃபேஷனாகச் சுருங்கி, தாம் ஒரு சிகையலங்காரமாக மட்டும் நினைவில் நிற்பதைப் பற்றி 1994இல் அவர் எழுதிய கட்டுரையில் கசப்பு இருக்கிறது. கசப்புக்கு நியாயமும் இருக்கிறது. முடி நேராக்கும் களிம்பு விற்ற அதே ஜான்ஸன் கம்பெனிதான் ஆஃப்ரோ ஷீனும் விற்றது.

எனக்கு இந்தச் சரித்திரத்தில் முக்கியமானவர் க்வெண்டலின் ப்ரூக்ஸ். பி.ஏ. பாடத்திட்டத்தில் இல்லாத பெயர். பிறகு நானாகத் தேடிப் படித்தது. 1950இல் புலிட்ஸர் பரிசு பெற்ற முதல் கறுப்பர். ஸானெட்டையும் பாலடையும் வெள்ளை விமர்சகர்கள் மெச்சும்படி கையாண்டவர். 1967இல், ஐம்பது வயதை எட்டும் சமயம், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் நடந்த கறுப்பு எழுத்தாளர் மாநாட்டில் இளைஞர்களைச் சந்தித்து நிலைகுலைந்தார். அதன் பின் தலைமுடியை நேராக்காமல் விட்டார். ஹார்ப்பர் அண்ட் ரோ என்ற பெரிய பதிப்பகத்தையும் விட்டு, டட்லி ராண்டல் நூலக வேலை பார்த்துக்கொண்டே டெட்ராய்ட்டில் நடத்திய ப்ராட்ஸைட் பிரஸுக்குப் போனார். 1969இல் 'ரையட்' அங்கிருந்து வந்தது. முடியும் பதிப்பகமும் ஒரே முடிவின் இரண்டு பக்கங்கள் என்று எனக்குப் படுகிறது. பிந்திய ப்ரூக்ஸ் கலையை அரசியலுக்குப் பலி கொடுத்தார் என்பவர்கள் 1968இன் 'இன் த மெக்கா'வைத் திரும்பப் படிக்க வேண்டும். பழைய பயிற்சியின் இறுக்கமும் புதிய பேச்சின் சுருளும் அதில் ஒரே வரியில் கிடக்கின்றன, ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு. 1980இல் அவர் எழுதிய ஒரு கவிதை, இயற்கைச் சிகையை விடாமல் வைத்துக்கொண்ட சகோதரிகளுக்கானது. விட்டவர்கள் ஏராளம் என்பதும் அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது.

1981இல் நியூயார்க்கில் ஒரு தீர்ப்பு. பின்னல் சிகையைத் தடுத்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மீது ஒரு பெண் ஊழியர் போட்ட வழக்கு. ஆஃப்ரோ இயற்கையாக வளர்வது, அதைத் தடை செய்தால் ஒருவேளை விவாதத்துக்கு இடமுண்டு, பின்னலோ செயற்கை, ஆகவே நிறுவனம் தடுக்கலாம் என்பது நீதிமன்றத்தின் தர்க்கம். வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவனுக்குத் 'தகுந்த தோற்றம்' என்ற சொற்றொடரின் வேலை என்ன என்று விளக்க வேண்டியதில்லை. இங்கே அதைவிடக் கவனிக்க வேண்டியது, இயக்கம் கண்டெடுத்த 'இயற்கை' என்ற சொல்லே அந்தப் பெண்ணுக்கு எதிரான ஆயுதமாகிவிட்டது. சிகையின் பெயரால் பாகுபாடு கூடாது என்று கலிஃபோர்னியா முதன்முதலாகச் சட்டம் இயற்ற 2019 ஆயிற்று.

2000க்குப் பின் மறுபடி ஓர் அலை. களிம்பை நிறுத்துவது என்று ஒருத்தி தீர்மானித்தால் என்ன நடக்கிறது? மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் சுருள் முடி வேரிலிருந்து வருகிறது. அதன் கீழே பழைய நேர்முடி தொங்குகிறது. இரண்டும் சந்திக்கும் இடம்தான் பலவீனம், சீப்பு பட்டால் அங்கேதான் ஒடியும். ஒன்று, எல்லாவற்றையும் ஒட்ட வெட்டிவிட வேண்டும். அல்லது ஓரிரண்டு வருஷம் இரண்டு தலைகளோடு வாழ வேண்டும். சிலர் அந்த இடைக்காலத்தை ஒட்டுமுடியால் மறைக்கிறார்கள். ஒட்டுமுடியில் ஒரு பங்கு நம் கோயில்களில் நேர்ந்துகொண்டு மழித்து, ஏலத்தில் போகும் முடி. காணிக்கை செலுத்தியவளுக்கும் வாங்கிச் சூடியவளுக்கும் ஒருவரையொருவர் தெரியாது.

2022இல் வெளியான ஓர் ஆய்வு, 33,497 பெண்களைத் தொடர்ந்து கவனித்து, முடி நேராக்கும் பொருள்களை அடிக்கடி உபயோகித்தவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் அபாயம் கூடுதலாக இருப்பதைக் கண்டது. 70 வயதுக்குள் 1.64 சதவீதமாக இருப்பது அவர்களிடம் 4.05 சதவீதம். காரணம் இன்னதென்று ஆய்வு அறுதியிடவில்லை. ஆனாலும் இதை வெறும் அழகுப் பிரச்சினை என்று தள்ள இனி முடியாது.

இவர்களில் பலருக்குச் சிறுமியாக இருக்கும்போதே தாயோ சித்தியோ களிம்பு போட்டுவிட்டார்கள். பரிவினால்தான், பள்ளியில் பிள்ளை கேலிக்கு ஆளாகக்கூடாதென்று. ஆகவே தன் முடி எப்படியிருக்கும் என்பதே அவர்களுக்கு ஞாபகமில்லை. எவ்வளவு ஈரம் வேண்டும், எந்தப் பக்கமாகச் சுருளும், எதைக்கொண்டு சிக்கெடுப்பது என்று முப்பது வயதில் ஒவ்வொன்றாகக் கற்கிறார்கள். அவளிடம் போய் இது இயற்கைக்குத் திரும்புதல் என்று சொன்னால் சிரிப்பாள். திரும்புவதற்கு அவள் அங்கே முன்னால் இருந்ததே இல்லை.