கோட்டைக்குள் ஒரு குடித்தனம்: பழவேற்காட்டுக் காவற்படைக் குடும்பங்கள்

எண்ணூர்க் கழிமுகத்தைத் தாண்டி வடக்கே செல்பவர்களுக்குக் காட்டுப்பள்ளி ஒரு தீவு என்பது எளிதில் புலப்படாது. கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழிகளும். நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டு. இன்று அங்கே துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும் நிற்கின்றன. இந்தியக் கடலோரக் காவற்படையின் ‘விக்ரம்’ என்னும் ரோந்துக் கப்பல் இத்தளத்தில் உருவாகி, 2018ஆம் ஆண்டு ஏப்ரலில் பணியில் சேர்ந்தது. அதே வரிசையில் மேலும் ஆறு கப்பல்கள் பின்தொடர்ந்தன.

இத்தகைய செய்திகளைப் படிக்கும்போது கப்பலின் நீளம், வேகம், பீரங்கியின் அளவு ஆகிய எல்லாம் தெரிந்துவிடுகின்றன. அதில் ஏறிச் செல்பவனின் வீடு எங்கே இருக்கிறது, அவன் திரும்பும்வரை அங்கே என்ன நடக்கிறது என்பது மட்டும் எந்தச் செய்தியிலும் இருப்பதில்லை. இக்குறை இன்று தோன்றியதன்று. இதே மணல்திட்டின் வடகோடிக்கு அப்பால், பழவேற்காட்டில், நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு காவற்படை குடியேறியது. அதன் கோட்டையைப் பற்றி நம்மில் பலர் அறிவோம். அக்கோட்டைக்குள் நடந்த குடித்தனத்தைப் பற்றிச் சில செய்திகளைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல் தொடங்கப்பட்டது. இந்தோனேசியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் சாதிக்காயும் வாங்க வேண்டுமானால் வெள்ளியைவிடத் துணியே பயன்படும் என்பதை அவர்கள் விரைவில் கண்டுகொண்டனர். அத்துணி சோழமண்டலக் கரையில் நெய்யப்பட்டது. ஆகவே 1610இல் விசயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதி தேவராயரின் இசைவு பெற்றுப் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தனர். இது மயிலாப்பூர்ச் சாந்தோமில் இருந்த போர்த்துக்கீசியருக்குப் பொறுக்கவில்லை. 1612இல் அவர்கள் படகுகளில் வந்து பண்டகசாலையைத் தாக்கி அழித்தனர். மறு ஆண்டே, 1613இல், வெம்மர் வான் பெர்கெம் என்பவரின் தலைமையில் ஒரு கோட்டை எழுந்தது. கெல்டர்லாந்து என்னும் ஒல்லாந்து மாகாணத்தின் பெயரால் அதற்குக் கெல்ட்ரியா என்று பெயரிட்டனர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாற்றப்படும்வரை, இக்கரையின் ஒல்லாந்த ஆட்சிக்கு அதுவே தலைநகர்.

கோட்டை எழுந்துவிட்டது, சிப்பாய்களும் வந்துவிட்டனர். அவர்கள் யார்? கம்பெனியின் சிப்பாய்களில் ஒல்லாந்தர் அல்லாதோர் மிகப் பலர். குறிப்பாக ஜெர்மானிய நாட்டுப்புறங்களின் ஏழை இளைஞர். ஐந்தாண்டு ஒப்பந்தம், மாதச் சம்பளம் சுமார் ஒன்பது கில்டர். ஐரோப்பாவிலிருந்து பட்டேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) எட்டு மாதப் பயணம். அங்கிருந்து இக்கரைக்கு மீண்டும் ஒரு கப்பல். அக்கப்பலும் பழவேற்காட்டுக் கரையை நெருங்க இயலாது. ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க வேண்டும். கயிற்றால் தைத்த மசூலா படகுகளில்தான் அலையைக் கடந்து ஆட்களும் சரக்கும் கரை சேர வேண்டும். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவக்காற்று எழுந்தால் ஆண்டிறுதிவரை கப்பல்கள் இக்கரைப் பக்கமே வருவதைத் தவிர்த்தன. ஒருபுறம் ஏரி, மறுபுறம் கொந்தளிக்கும் கடல். கோட்டையில் இருந்தவர்களுக்குப் பழவேற்காடும் ஒரு தீவுதான்.

இனி அச்சிப்பாயின் குடும்பத்துக்கு வருவோம். அவனுக்கு இருவகைக் குடும்பங்கள் இருக்கக்கூடும்: ஊரில் விட்டு வந்தது ஒன்று, இங்கே அமைத்துக்கொண்டது மற்றொன்று.

ஊரில் விட்டு வந்த மனைவிக்கோ பெற்றோருக்கோ கம்பெனி ஒரு வழி செய்திருந்தது. ‘மாதக் கடிதம்’ என்று அதற்குப் பெயர். புறப்படும்போது சிப்பாய் அதில் கையெழுத்திட்டால், ஆண்டுக்கு மூன்று மாதச் சம்பளம் வரை வீட்டார் பெற்றுக்கொள்ளலாம். ஒன்பது கில்டர் சம்பளக்காரனின் மனைவிக்கு ஆண்டுக்கு இருபத்தேழு கில்டர். அதுவும் கணக்குப் புத்தகம் கிழக்கிலிருந்து கப்பலேறித் திரும்பிச் சென்று, அவன் கணக்கில் பணம் இருப்பதாகத் தெரிந்த பிறகே கிடைக்கும். கணவன் உயிரோடு இருக்கிறானா என்பதைக்கூடப் பல பெண்கள் கம்பெனியின் சம்பள மேசையில்தான் அறிந்திருக்க வேண்டும். கம்பெனி வாழ்ந்த ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளில் சுமார் பத்து இலட்சம் பேர் அதன் கப்பல்களில் ஐரோப்பாவை விட்டுப் புறப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை.

இச்சம்பளப் புத்தகங்கள், பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, தி ஹேக் நகரின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. இன்று அவற்றின் பெயர்ப்பட்டியலை இணையத்திலும் தேடலாம். சிப்பாயின் பெயர், ஊர், ஏறிய கப்பல், மாதக் கடிதம் உண்டா இல்லையா, பணி முடிந்த விதம் ஆகிய அனைத்தும் வரிசையாகப் பதிவாகியிருக்கின்றன. ஆனால் அப்புத்தகத்தின் முகம் ஐரோப்பாவை நோக்கியது. அங்கே காத்திருக்கும் வாரிசுக்காக எழுதப்பட்டது அது. இக்கரையில் அவனுக்குச் சோறாக்கிப் போட்டவளை நோக்கி அது திரும்புவதில்லை.

அவளைப் பற்றிக் கம்பெனி அறியாமல் இல்லை. மிக நன்றாகவே அறிந்திருந்தது. தொடக்கத்தில் ஒல்லாந்துப் பெண்களையே கிழக்கே அனுப்பிக் குடியேற்றலாம் என்று முயன்றனர். செலவு மிகுதி, பலன் குறைவு என்று கண்டு 1630களில் அம்முயற்சியைக் கைவிட்டனர். பிறகு ஆசியப் பெண்களை மணக்க ஊழியர்களை அனுமதித்தனர். அனுமதியோடு நிபந்தனைகளும் வந்தன. திருமணத்துக்கு மேலதிகாரியின் இசைவு வேண்டும். மணமகள் திருமுழுக்குப் பெற்ற கிறித்தவளாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசிய மனைவி உள்ளவன் அவளை அழைத்துக்கொண்டு ஐரோப்பா திரும்பக் கூடாது.

இக்கடைசி விதியைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருவனைக் கிழக்கிலேயே நிறுத்திவைக்கக் கம்பெனிக்கு இதைவிட மலிவான வழி இல்லை. மதில் எதிரியை வெளியே நிறுத்தியது. திருமணம் சிப்பாயை உள்ளே நிறுத்தியது. குடும்பம் என்பது காவற்படைக்குப் புறம்பான ஒன்றாக இருக்கவில்லை. கோட்டையைத் தாங்கிய தூண்களில் அதுவும் ஒன்று.

அக்குடும்பங்களின் மொழி எது? இங்கேதான் ஒரு வேடிக்கை. ஒல்லாந்தக் கோட்டையின் அடுப்பங்கரையில் பேசப்பட்டது பெரும்பாலும் போர்த்துக்கீசியம். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இக்கரையில் வேரூன்றியிருந்த கலப்பினக் குடும்பங்களின் மொழி அது. பண்டகசாலையை எரித்த பகைவனின் மொழியே தாய்மார்களின் வழியாக வீட்டு மொழியாயிற்று. 1632 முதல் 1642 வரை பழவேற்காட்டில் சமயப் பணியாற்றிய ஆபிரகாம் ரோகேரியுஸ் என்ற சீர்திருத்தச் சபைப் போதகர், தம் சபையினரோடு பேசப் போர்த்துக்கீசியத்தையே கையாள வேண்டியிருந்தது. பத்மநாபன் என்ற அந்தணரிடம் அவர் கேட்டறிந்த செய்திகளும் அம்மொழி வழியாகவே அவருக்கு வந்தன. இந்து சமயத்தைப் பற்றி அவர் எழுதிய நூலில் பர்த்ருஹரியின் சதகங்கள் முதன்முதலாக ஐரோப்பிய மொழி ஒன்றில் இடம்பெற்றன. அவர் 1649இல் மறைந்தார். நூல் 1651இல் லெய்டனில் வெளிவந்தது. அதை அச்சேறச் செய்தவர் அவருடைய மனைவி. கணவர் பெற்ற புகழுக்குப் பின்னால் அச்செய்தி ஓரமாக ஒதுங்கி நிற்கிறது.

நம் மொழியிலும் இதன் சுவடு உண்டு. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, ஆயா ஆகியவை போர்த்துக்கீசியம் தந்த வீட்டுச் சொற்கள். துட்டு என்பதும், ஈழத்தமிழில் அலுவலகத்தைக் குறிக்கும் கந்தோர் என்பதும் ஒல்லாந்தர் தந்தவை. காசும் கணக்கும் சார்ந்தவை. (கக்கூஸ் என்ற விதிவிலக்கையும் நேர்மைக்காகச் சொல்லிவிட வேண்டும்!) இவை பழவேற்காட்டில் மட்டும் பிறந்த சொற்கள் அல்ல. எனினும் யார் வீட்டை ஆண்டார்கள், யார் அலுவலகத்தை ஆண்டார்கள் என்பதை இச்சொற்கள் ஏட்டைவிடத் தெளிவாகக் காட்டுவதாக எனக்குத் தோன்றுகிறது.

இக்குடித்தனச் சித்திரத்தை இனிமையானதாக மட்டும் வரைந்துவிடக் கூடாது. கம்பெனி ஊழியரின் வீடுகளில் அடிமைகள் வேலை செய்தனர். சோழமண்டலக் கரையில் பஞ்சமும் போரும் வந்த காலங்களில், பசியால் விற்கப்பட்டவர்களைக் கம்பெனி வாங்கி இலங்கைக்கும் பட்டேவியாவுக்கும் கப்பலேற்றியது. 1659 முதல் 1661 வரையிலான பஞ்சத்தில் மட்டும் பல ஆயிரம் பேர் இக்கரையிலிருந்து இவ்வாறு சென்றனர். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். பட்டேவியாவிலும் தென்னாப்பிரிக்காவின் கேப் குடியேற்றத்திலும் உள்ள ஏடுகளில் அவர்களுக்கு ஒரு கிறித்தவப் பெயரும், அதனோடு ‘கரையைச் சேர்ந்தவள்’ என்ற ஒட்டும் உண்டு. ‘கரை’ என்றாலே சோழமண்டலக் கரை. தாய் தந்தை இட்ட பெயர் இல்லை, ஊர் இல்லை, ஒரு கடற்கரை மட்டும் உண்டு. அத்தகைய பெண்கள் சிலர் விடுதலை பெற்றுச் சிப்பாய்களை மணந்தனர். ஒரு வீட்டின் எசமானிக்கும் அடிமைக்கும் இடையே இருந்தது சில வேளைகளில் ஒரு திருமுழுக்கும் ஒரு விடுதலைப் பத்திரமும் மட்டுமே.

1781இல் பழவேற்காட்டை ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1785இல் திருப்பித் தந்து, 1795இல் மீண்டும் எடுத்துக்கொண்டு, 1818இல் மறுபடி தந்தனர். இறுதியில் 1824ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி 1825இல் அது நிலையாக ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டையின் பெயர் சொல்ல இன்று புதர் மூடிய மேடும் அகழியின் தடமும்தான் மிஞ்சியுள்ளன.

கோட்டை போய்விட்டது, கல்லறைகள் இருக்கின்றன. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்திற்கு ஒருமுறை நண்பர்களோடு சென்றிருந்தேன். வாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் வரவேற்கின்றன. உள்ளே பெரிய கற்பலகைகளில் குலச்சின்னங்களும் ஒல்லாந்த மொழி எழுத்துகளும். நாங்கள் சென்ற நண்பகலில், அருகிலிருந்த தெருவில் ஒரு தாய் தன் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கற்களுக்கு அடியில் இருப்போர் வணிகரும் அதிகாரிகளும் அவர்தம் மனைவி மக்களும் ஆவர். இத்தகைய கல் ஒன்பது கில்டர் சம்பளக்காரனுக்கு எட்டாத பொருள். அவனை மணந்த கரைப்பெண்ணுக்கோ கல்லும் இல்லை, ஏட்டில் ஒரு பத்தியும் இல்லை.

கடலோரக் காவற்படை 1978இல் சட்டப்படி நிறுவப்பட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அந்தமானிலும் இலட்சத்தீவிலும் அதன் நிலையங்கள் உண்டு. அங்கெல்லாம் குடும்பங்களும் உண்டு. இவர்களுக்கு அன்றைய கொடுமைகள் இல்லை. சம்பளம் மாதந்தோறும் வருகிறது. கைப்பேசியில் குரல் கேட்கிறது. ஆனால் கப்பல்களின் வரலாறு எழுதப்படும் அளவுக்கு வீடுகளின் வரலாறு எழுதப்படுவதில்லை என்பது அன்றும் இன்றும் ஒன்றே. நண்பர்களில் யாருடைய இல்லத்திலேனும் கடற்காவலில் இருந்தவர் இருப்பின், அவர் பெற்ற பதக்கத்தைப் பற்றிக் கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அவர் இல்லாத மாதங்களை வீட்டில் இருந்தவர் எப்படிக் கடத்தினார் என்பதையும் கேட்டு, அவருடைய பெயரோடு எழுதி வையுங்கள்.